ஆடுவதற்குக் காசு வாங்குகிறார்களா, கட்டுகிறார்களா?

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது: அமெரிக்காவில் ஸ்ட்ரிப் கிளப்பில் உடை களைந்து ஆடும் பெண்கள், ஆடுவதற்காகக் கிளப்புக்கே பணம் கட்டுகிறார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், நிஜமா? அப்படியென்றால் அவர்கள் தொழிலாளியா, தனியாகத் தொழில் செய்கிறவர்களா? நம் ஊர்த் திருவிழாவில் ஆடல் பாடலில் ஆடுகிற பெண்களுக்கு இந்த மாதிரி சட்டம் ஏதாவது உண்டா?

நிஜம்தான். முதல் கேள்விக்கு அந்த ஒரு வார்த்தை போதும், மற்ற இரண்டும் அப்படி இல்லை. நான் மதுரையில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறவன், உங்கள் கடைசிக் கேள்வி என் மேசைக்கே வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஆபாசமா இல்லையா, கலாசாரம் கெடுகிறதா என்ற சண்டைக்குள் போகப்போவதில்லை. அதைப் பேச ஊரில் ஆள் நிறைய. கூலிக் கணக்கைப் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அமெரிக்கக் கணக்கு இப்படி ஓடுகிறது. பெரும்பாலான கிளப்புகளில் சம்பளம் என்று ஒன்றே கிடையாது. ராத்திரி வேலைக்கு வந்ததும் கிளப்புக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும், ஹவுஸ் ஃபீ என்பார்கள். வெள்ளி, சனிக்கு ஒரு ரேட்டு, கூட்டமில்லாத நாளுக்கு ஒரு ரேட்டு, லேட்டாக வந்தால் அதற்கு மேலே. ஆடி முடித்துக் கிளம்பும்போது பாட்டுப் போடுகிற டிஜே, வாசலில் நிற்கிற பவுன்சர், மேக்கப் அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மா என்று ஒவ்வொருவருக்கும் பங்கு வைக்க வேண்டும். வருமானம் முழுக்க வாடிக்கையாளர் தரும் டிப்ஸும், ஒருவருக்கு மட்டும் தனியாக ஆடினால் அவர் கொடுக்கும் காசும்தான். மழை பிடித்துக்கொண்டு ஆள் வரவில்லை என்றால் கட்டிய கட்டணம் போனது போனதுதான், கையில் இருந்ததையும் இழந்து வீட்டுக்குப் போக வேண்டும். நம் ஊரில் தினசரி வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுகிறவருக்கு இது சட்டென்று புரியும்: சவாரி வந்தாலும் வராவிட்டாலும் ஓனருக்கு வாடகை போயாக வேண்டும். ஆனால் ஆட்டோ ஓனர் எந்தச் செருப்பு போட வேண்டும், எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் நிற்க வேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வதில்லை. கிளப் சொல்கிறது.

வழக்குகள் எல்லாம் அந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கிளப் தரப்பு வாதம் எப்போதும் ஒன்றுதான்: இவர்கள் எங்கள் ஊழியர் இல்லை, சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள், நாங்கள் இடம் மட்டும் தருகிறோம். அமெரிக்காவில் 1938-ல் வந்த ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டப்படி, காகிதத்தில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பது முக்கியமில்லை. யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள், முதல் போட்டது யார், லாப நஷ்டம் யார் கையில் இருக்கிறது என்று நடைமுறையைப் பார்ப்பார்கள். 1993-லேயே டெக்சஸ் கிளப்புகள் மீதான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பெண்கள் ஊழியர்கள்தான் என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் வந்த தீர்ப்புகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

இவற்றில் நான் ரசித்துப் படித்தது நியூயார்க் ரிக்ஸ் கேபரே வழக்கு, 2013-ல் தீர்ப்பு. அங்கே கார்டு தேய்க்கிற வாடிக்கையாளருக்காகக் கிளப் ஒரு சீட்டு அச்சடித்திருந்தது. 20 டாலர் சீட்டை வாடிக்கையாளருக்கு 24-க்கு விற்கும், ஆடிய பெண் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் 18 தரும். நடுவில் 6 டாலர் கிளப்புக்கு. வழக்கு வந்ததும் கிளப் என்ன சொன்னது தெரியுமா? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இவர்கள் வாங்கிய காசு குறைந்தபட்சக் கூலியை விட எத்தனையோ மடங்கு, அதைக் கூலியாகக் கழித்துக்கொள்ளுங்கள் என்றது. நீதிபதி கேட்டது சாதாரணக் கணக்குப்பிள்ளை கேள்வி: அந்தப் பணத்தை உங்கள் வரவு ஏட்டில் எழுதினீர்களா? எழுதவில்லை. வரவாக எழுதாத பணத்தை நீங்கள் கொடுத்த கூலி என்று எப்படிச் சொல்வது? 2015-ல் 1.5 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது. வரிக்கு ஒரு கணக்கு, கூலிக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்கிற முதலாளியை மதுரையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தானோ என்னவோ இந்த வழக்கு மனதில் நின்றுவிட்டது.

இத்தனை தீர்ப்பு வந்தும் ஏன் மாறவில்லை என்று கேட்பீர்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை நஷ்டஈடு கட்டுவது தினமும் கூலி கட்டுவதை விட மலிவு, அது ஒன்று. இரண்டாவது, ஆடுகிற பெண்களிலேயே கணிசமான பேருக்கு ஊழியராகப் பிடிக்கவில்லை, இதை நம் ஊர்த் தொழிற்சங்கத் தோழர்களிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பிடித்த நாளில் வரலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கிளப்புக்குப் போகலாம், காசு அன்றைக்கே கையில். கலிஃபோர்னியாவில், வேலை செய்கிறவரை ஊழியர் இல்லை என்று ஒதுக்குவதைக் கடினமாக்கிய டைனமெக்ஸ் தீர்ப்பு 2018-லும், ஏபி5 சட்டம் 2020 ஜனவரியிலும் வந்த பிறகு சில கிளப்புகள் பெண்களை ஊழியராக எழுதிக்கொண்டன. எழுதிக்கொண்டு, மணிக்கூலியைக் கொடுத்த அதே கையால் ஆட்டத்துக்கு வரும் பணத்தில் பெரிய பங்கை எடுத்துக்கொண்டன. முன்பை விட வருமானம் குறைந்துவிட்டது என்று ஆடுகிறவர்களே புகார் சொன்னார்கள். கூலிச் சட்டம் வாங்கித் தந்ததை முதலாளி விகிதத்தை மாற்றி எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சங்கம் வைத்தவர்களும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் லஸ்டி லேடி என்ற இடத்தில் 1990-களின் நடுவில் சங்கம் அமைத்தார்கள், 2003-ல் அந்தக் கடையையே வாங்கிக் கூட்டுறவாக நடத்தினார்கள், 2013-ல் மூடினார்கள். அங்கே சங்கம் பிடித்ததற்கு ஒரு காரணம், அந்தப் பெண்களுக்கு மணிக்கூலி இருந்தது, அதாவது பேரம் பேச ஒரு எண் இருந்தது. டிப்ஸை மட்டும் நம்பி, ஒருவருக்கொருவர் போட்டியாக நிற்கிற இடத்தில் சங்கம் கட்டுவது லேசில்லை. இருந்தும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டார் கார்டன் கிளப்பில் 2023 மே மாதம் வாக்கு எண்ணியபோது 17-க்கு 0 என்று சங்கத்துக்கு விழுந்தது. அவர்களுடைய முதல் கோரிக்கை கூலி உயர்வு இல்லை, தொல்லை தரும் வாடிக்கையாளரை வெளியேற்ற பவுன்சர் உதவ வேண்டும் என்பதுதான்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. லண்டன் ஸ்ட்ரிங்ஃபெல்லோஸ் கிளப்பில் ஆடிய ஒருவர் தொடுத்த வழக்கில், 2012-ல் அவர்களுடைய மேல்முறையீட்டு நீதிமன்றம் இவர் ஊழியர் இல்லை என்று தீர்ப்பு சொன்னது. காரணம்? கிளப் அவருக்குக் கூலி தரக் கடமைப்பட்டிருக்கவில்லை, நஷ்டத்தை அவரே ஏற்றுக்கொண்டிருந்தார். அதாவது நஷ்டம் முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டு, நஷ்டம் உங்கள் தலையில் இருப்பதால் நீங்கள் முதலாளி என்று சொன்னதாகத்தான் எனக்குப் படுகிறது. தீர்ப்பைக் குறை சொல்வது வக்கீலுக்கு அழகில்லை என்பார்கள், பரவாயில்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் 2024-ல் வந்த சட்டம்தான் என் கண்ணில் உருப்படியானது. ஊழியரா இல்லையா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு நேராகக் கட்டணத்தில் கை வைத்தது. கிளப் வாங்கும் கட்டணம் 150 டாலரையோ அன்றைக்கு அந்தப் பெண் ஈட்டியதில் 30 சதவீதத்தையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அன்று கட்ட முடியாத பாக்கியை மறுநாள் கணக்கில் ஏற்றக் கூடாது. கூட்டமில்லாத ராத்திரியின் நஷ்டத்தில் கிளப்புக்கும் பங்கு வந்துவிட்டது பாருங்கள்.

நம் நாட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் தெரிந்தது மும்பை டான்ஸ் பார். 2005-ல் மகாராஷ்டிர அரசு தடை போட்டது, ஆனால் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு விலக்கு. பெரிய ஓட்டலில் ஆடினால் கேளிக்கை, சின்ன பாரில் ஆடினால் சீரழிவு. இந்தப் பாகுபாட்டை 2006-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தடையால் வேலை இழந்தவர்கள் 75,000 பேருக்கு மேல் என்பது வழக்கில் பேசப்பட்ட எண்ணிக்கை. தடையை நியாயப்படுத்தியவர்கள் எல்லோரும் பெண்களின் கண்ணியத்தைப் பேசினார்கள், அந்தப் பெண்கள் மறுநாள் அடுப்புக்கு என்ன செய்வார்கள் என்று யோசித்தவர்கள் குறைவு. மாநில அரசு 2016-ல் வேறு சட்டம் கொண்டுவந்தது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையும் சலித்து எடுத்தது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், ஊதியம் வங்கிக் கணக்கில் போக வேண்டும் என்பது சரி, ஆனால் மாதச் சம்பளம்தான் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் பல இடங்களில் ஆடிச் சம்பாதிக்கும் சுதந்திரம் போய்விடும் என்று அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது. டிப்ஸ் கொடுக்கலாம், நோட்டை வாரி இறைக்கக் கூடாது.

இனி நம் ஊர். மதுரையில் கிளப் கிடையாது, ஊர்ப் பொட்டல்தான் மேடை. மாசி சிவராத்திரியில் குலதெய்வக் கோயில்களில் ஆரம்பித்து பங்குனிப் பொங்கல், சித்திரை, வைகாசி என்று நான்கு மாதம் ஓட்டம், ஆடியில் மறுபடி கொஞ்சம், மற்றபடி கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். விழாக் கமிட்டி தலைக்கட்டு வரி பிரித்து, ஏஜெண்டைப் பிடித்து, ஆடல் பாடல் குழு நடத்தும் செட்டுக்காரரிடம் மொத்தத் தொகை பேசி அட்வான்ஸ் கொடுக்கும். ஏஜெண்ட் கமிஷன் முதலில் போய்விடும். அப்புறம் சவுண்டு, லைட்டு, வேன், ரஜினி டூப், எம்ஜிஆர் டூப், காம்பியர். பெண்களுக்கு ஒரு புரோகிராமுக்கு இவ்வளவு என்று பேச்சு. மேலத்தெரு இளைஞர்கள் சார்பாக அன்பளிப்பு என்று மைக்கில் சொல்லி மேடையில் கொடுக்கிற ரூபாய் யாருக்கு என்பது செட்டுக்குச் செட்டு மாறும். பாதிப் பாதி உண்டு, முழுசும் செட்டுக்காரருக்கு என்பதும் உண்டு. ஜாக்கெட்டில் நோட்டைக் குத்த வருகிறவனைச் சிரித்த முகத்தோடு தாண்டிப் போகிற சாமர்த்தியத்துக்குத் தனிக் கூலி எந்தச் செட்டிலும் இல்லை.

நஷ்டம் வருகிற வழிகள்தான் இங்கே அதிகம். மழை வரலாம். ஊரில் ஒரு சாவு விழுந்தால் விழாவே நின்றுவிடும். இரண்டு தெருக்காரர்கள் மேடைக்கு முன்னால் முட்டிக்கொண்டால் போலீஸ் லைட்டை அணைக்கும். அனுமதியே கடைசி நாள் வரை தொங்கும். ஒவ்வொரு பங்குனி சித்திரையிலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆடல் பாடல் அனுமதி மனுக்கள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். உத்தரவிலும் வழக்கமான நிபந்தனைகள்: ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி, கட்சித் தலைவர்களைப் புகழும் பாட்டோ பேனரோ கூடாது, குடித்துவிட்டு வரக் கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எல்லாம் சரிதான், நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் உடை எப்படி இருக்க வேண்டும் என்பது வரை கவலைப்படுகிற அத்தனை காகிதத்தில், ஆடுகிறவருக்குப் பேசிய கூலியை முன்கூட்டி எழுதிக் கொடு என்று ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. பத்து மணிக்கு போலீஸ் நிறுத்திவிட்டால் கமிட்டி பாக்கித் தொகையைப் பிடித்துக்கொள்ளும், செட்டுக்காரர் அட்வான்ஸை வைத்துச் சமாளித்துக்கொள்வார், பெண்களுக்குப் பஸ் காசு. நிகழ்ச்சியில் ஆபாசம் என்று வழக்குப் பதிந்தால் எஃப்ஐஆரில் அவர்கள் பெயரும் வந்து சேரும். 2020, 2021 இரண்டு சித்திரையும் கொரோனாவில் போனபோது, வருஷ வருமானத்தில் பெரும்பகுதி இரண்டு தடவை அப்படியே போனது.

என்னிடம் வந்த வழக்கைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. மேடைப் பலகை உடைந்து கால் முறிந்த பெண். செட்டுக்காரர், அது என் ஆள் இல்லை சார், அன்றன்றைக்கு வருகிற ஆர்ட்டிஸ்ட், எங்கே கூப்பிட்டாலும் போகும் என்றார். அவருடைய கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னோம். நீளமான கோடு போட்ட நோட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு ஊர். மேலே கமிட்டித் தொகை, அட்வான்ஸ். கீழே சவுண்டு, டீசல், டிபன், அப்புறம் இதர என்று ஒரு வரி. இதரவில் யார் யார் அடக்கம் என்று நான் கேட்கவில்லை. அதற்குக் கீழே பெண்களின் பெயர், கூலி, பக்கத்தில் சிவப்பு மையில் கழிவு: டிரெஸ் வாடகை, லேட்டு, ரிகர்சல் வரவில்லை. அந்தச் சிவப்பு மைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. உன் ஆள் இல்லை என்றால் லேட்டுக்கு அபராதம் எப்படிப் போட்டாய்? எந்த டிரெஸ் என்று நீ ஏன் முடிவு செய்தாய்? நியூயார்க் வழக்கிலும் கிட்டத்தட்ட இதே அபராதப் பட்டியல்தான் கிளப்பைக் கவிழ்த்தது. இங்கே தீர்ப்பு வரை போகவில்லை, சமரசத்தில் ஆஸ்பத்திரிச் செலவும் மேலே கொஞ்சமும் வாங்கிக் கொடுத்தோம்.

தீர்ப்பு வரை போயிருந்தால் ஜெயித்திருப்போமா? நமக்குச் சாதகமாக சில்வர் ஜூப்ளி டெய்லரிங் வழக்கு இருக்கிறது. பீஸ் ரேட்டில், கடை மிஷினில் தைத்து, வேண்டிய நேரம் வந்து போகிற தையல்காரர்களும் ஊழியர்கள்தான் என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேறு கடைக்கும் தைக்கலாம் என்பதால் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. அன்றாடக் கூலிக்கு ஆடுகிறவருக்கு இதை விட நல்ல ஆயுதம் கிடையாது. எதிராக இருப்பது போபாலில் உள்ள பாரத் பவன் என்ற கலை மையத்தின் வழக்கு, 2001. நாடகக் கலைஞர்களின் வேலை படைப்பு சார்ந்தது, அவர்கள் அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தில் சொன்ன தொழிலாளி ஆக மாட்டார்கள் என்று தீர்ப்பு. அதனால் மேடையில் கலைஞர் என்று பொன்னாடை போர்த்தும்போது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் உதைக்கும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஒரு வேடிக்கை: ஒலி ஒளித் தயாரிப்பில் வேலை செய்கிறவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அந்த வரையறையில் நடனம் ஆடுகிறவரும் இருக்கிறார். கேமரா முன்னால் ஆடினால் ஒப்பந்தம், உசிலம்பட்டிப் பக்கம் பொட்டலில் அதே பாட்டுக்கு ஆடினால் வாய்ப்பேச்சு.

மாதச் சம்பளம், பிஎஃப் என்று கேட்பது நம் ஊரில் நடக்காது, கேட்கிற பெண்களும் குறைவு. நான்கு மாத சீசனுக்கு எந்தச் செட்டுக்காரரும் பன்னிரண்டு மாதம் சம்பளம் தர மாட்டார், பல செட்டில் ஆடினால்தான் அவர்களுக்கும் கட்டுப்படியாகும். கேட்க வேண்டியது வேறு. வேனில் ஏறிவிட்டால், நிகழ்ச்சி நின்றாலும் நடந்தாலும் பேசியதில் பாதியாவது உண்டு என்ற உறுதி. அபராதம் கிடையாது. மேடையில் அவர் பெயரைச் சொல்லிக் கொடுத்த அன்பளிப்பு அவருக்கே. இதைக் கமிட்டி போலீசுக்குக் கொடுக்கும் மனுவோடு சேர்க்கிற ஒரு தாளில் எழுதலாம், அனுமதி தருகிறவர்கள் அதை ஒரு நிபந்தனையாக்க ஒரு நாள் வேலை கூட இல்லை.

அதுவரை உங்களுக்குத் தெரிந்த யாராவது ஆடப் போகிறார்கள் என்றால் இதைச் சொல்லுங்கள். கரகம் போல நாட்டுப்புறக் கலை தெரிந்தவர் என்றால் 2007 முதல் இருக்கிற நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியலாம். சினிமாப் பாட்டுக்கு மட்டும் ஆடுகிறவர் என்றாலும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு 16 முதல் 59 வயது வரை இலவசம். பேசிய கூலியை வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு, செட்டுக்காரரிடம் சரி என்று பதில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் ஜிபேயில் வந்தால் இன்னும் நல்லது, அழியாத சாட்சி. எல்லாவற்றையும் விட முக்கியம் போகிற வண்டி. சவுண்டு பாக்ஸ் ஏற்றிய சரக்கு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து விபத்தானால், சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வண்டி ஓனரைத் துரத்தித்தான் வாங்க வேண்டும். பயணிகள் வேனில் போகச் சொல்லுங்கள். அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால் மோட்டார் விபத்து மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், சீசன் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.